பொதுவழி: டிஃபால்ட் ரூட்டுக்கு ஏற்ற தமிழ்ச்சொல்

கணினிப் பிணையங்களில் வரும் டிஃபால்ட் ரூட் என்பதைத் தமிழில் 'இயல்புநிலை வழி' என்றும் 'முன்னிருப்பு வழி' என்றும் எழுதுகிறோம். கணினி அமைப்புகளில் டிஃபால்ட் என்பதற்கு ஏற்கெனவே இருந்த சொற்களை எடுத்து 'வழி'யோடு ஒட்டியதால் வந்தவை இவை. படிப்பவருக்கு என்ன தோன்றும்? பொதிகள், அதாவது பிணையத்தில் பயணிக்கும் தரவுத் துண்டுகள், வழக்கமாக இந்த வழியில்தான் போகும், ஏதாவது விசேஷம் இருந்தால் மட்டும் வேறு பக்கம் திரும்பும் என்று தோன்றும். பொதிகளை வழியனுப்பும் கருவியான திசைவி செய்வது இதற்கு நேர்மாறு. வேறு எந்த வழியும் பொருந்தாதபோதுதான் இந்த வழிக்கு முறை வரும்.

ரூட்டர் எனப்படும் திசைவிக்கு ஒரு பொதி வந்ததும், அது போய்ச்சேர வேண்டிய ஐபி முகவரியைத் தன்னிடமுள்ள வழிப்பட்டியலோடு ஒப்பிடும். பட்டியலில் பல வரிகள் பொருந்தலாம். அவற்றில் அதிக பிட்டுகள் (முகவரியின் 0, 1 இலக்கங்கள்) பொருந்தும் வரியே வெல்லும். சாய்கோட்டுக்குப் பின்னுள்ள எண், தொடக்கத்திலிருந்து எத்தனை பிட்டுகள் பொருந்த வேண்டும் என்பதைச் சொல்லும். 10.1.5.7 என்ற முகவரிக்கு 10.0.0.0/8 பொருந்தும், 10.1.0.0/16 என்பதும் பொருந்தும். பொதி /16 காட்டும் பக்கம் போகும். 0.0.0.0/0 என்ற வரியில் பொருந்த வேண்டிய பிட் ஒன்றுகூட இல்லை. அதனால் உலகிலுள்ள எந்த ஐபிவி4 முகவரிக்கும் அது பொருந்தும். அதே காரணத்தால் வேறு எந்த வரியோடு மோதினாலும் தோற்கும். இதுதான் டிஃபால்ட் ரூட். ஐபியின் புதிய பதிப்பான ஐபிவி6-இல் இதையே ::/0 என்று எழுதுவார்கள்.

டிஃபால்ட் என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அதன் வேர் லத்தீனில் தவறுதல், ஏமாற்றுதல் என்ற பொருளுடைய வினை. குறை, இல்லாமை, தவறுகை என்பவையே பழைய பொருள்கள். வழக்கில் எதிர்த்தரப்பு வராமல் போவதும், கடன் தவணை தவறுவதும் இன்றும் அதே சொல்லால்தான் குறிக்கப்படுகின்றன. 'இது இல்லாத நிலையில்' என்று சொல்லவும் அந்தச் சொல் பயன்பட்டது. கணினிக்குப் பொருத்தமான பொருள் இதுதான்: பயனர் ஒன்றும் சொல்லாத நிலையில் கருவி தானாக எடுத்துக்கொள்வது. அமைப்புகளைப் பொறுத்தவரை இதை 'இயல்புநிலை' என்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. எழுத்துருவின் அளவை நீங்கள் மாற்றாவிட்டால், இருப்பது இயல்பான அளவு. சரிதான். ஆனால் வழிப்பட்டியலில் சொல்லின் பழைய பொருள்தான் உயிரோடு இருக்கிறது. மற்ற வழிகள் இல்லாதபோது இந்த வழி.

பிணைய உலகில் இந்த வழக்கு பழையது. திசைவிகள் வழிகளை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ள உதவும் ரிப் நெறிமுறையை விளக்கி 1988-இல் வெளியான ஆர்எஃப்சி 1058 என்ற இணைய ஆவணத்திலேயே 0.0.0.0 என்ற முகவரி டிஃபால்ட் ரூட்டைக் குறிக்கும் என்று இருக்கிறது. சிஸ்கோ நிறுவனத்தின் திசைவிகள் இதைக் 'கேட்வே ஆஃப் லாஸ்ட் ரிசார்ட்' என்று காட்டும். கடைசிப் புகலிடமான வாயில் என்று பொருள். பணியைச் சரியாகச் சொல்லும் பெயர் அது. அதை வைத்துக் 'கடைவழி' என்று தமிழாக்கலாமே என்று ஆசை வரும். ஆனால் பட்டினத்தாரைப் படித்த யாருக்கும் கடைவழி என்றால் இறுதிப் பயணம்தான் நினைவுக்கு வரும். வேண்டாம்.

நான் முன்வைக்கும் சொல் 'பொதுவழி'. தமிழ் இலக்கணத்தில் பொதுவிதி, சிறப்புவிதி என்ற பாகுபாடு உண்டு. சிறப்புவிதி பொருந்தும் இடத்தில் பொதுவிதி ஒதுங்கிக்கொள்ளும். சிறப்புவிதி ஒன்றும் இல்லாத இடத்தில் பொதுவிதி வந்து நிற்கும். திசைவி செய்வது அச்சு அசலாக இதுவே. அதிக பிட்டுகள் பொருந்தும் வழியைச் 'சிறப்புவழி' என்று சேர்த்துச் சொல்லிவிட்டால் முழு விதியும் இரண்டே சொற்களில் அடங்கிவிடும். நிலப் பத்திரங்களில் பொதுவழி என்றால் பலருக்கும் உரிய பாதை என்று பொருள். பிணையத்தைப் பற்றிப் பேசும்போது அந்தக் குழப்பம் வராது.

பொதுவழி ஒரே நெறிமுறைக்குள் இருக்கும்வரை சிக்கல் குறைவு. ஒரு நிறுவனத்தின் ஒரு பாதியில் ஓஎஸ்பிஎஃப் என்ற நெறிமுறை, மறுபாதியில் இஐஜிஆர்பி என்ற நெறிமுறை ஓடினால், இரண்டும் சந்திக்கும் திசைவியில் ஒன்றில் கற்ற வழிகளை மற்றதற்குச் சொல்ல வேண்டும். இதற்கு ரீடிஸ்ட்ரிபியூஷன் என்று பெயர். 'மறுபங்கீடு' என்றால் போதும். பொதுவழியை மறுபங்கிடுவதில் ஒவ்வொரு நெறிமுறைக்கும் ஒரு குணம் இருக்கிறது. சிஸ்கோவில் கையால் எழுதிய வழிகளை ஓஎஸ்பிஎஃப்-க்குள் மறுபங்கிட்டால் மற்றவை எல்லாம் போகும், 0.0.0.0/0 மட்டும் போகாது. 'டிஃபால்ட்-இன்ஃபர்மேஷன் ஒரிஜினேட்' என்று தனிக் கட்டளை தர வேண்டும். அப்போதும் அந்தத் திசைவியிடம் பொதுவழி ஒன்று உண்மையில் இருந்தால்தான் அறிவிக்கும். இல்லாவிட்டாலும் அறிவி என்று சொல்ல 'ஆல்வேஸ்' சேர்க்க வேண்டும். இஐஜிஆர்பி இப்படித் தயங்காது. கையால் எழுதிய பொதுவழியையும் மற்ற வழிகளோடு எடுத்துக்கொண்டு போய்விடும்.

இந்தத் தயக்கத்தை நான் வரவேற்கிறேன். பொதுவழி தவறாகக் கசிந்தால் சேதம் பெரிது. தலைமையகத்துக்கும் கிளைக்கும் தனித்தனி இணைய இணைப்பு இருக்கிறது, இரு பக்கமும் மறுபங்கீடு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கிளையின் இணைப்பு அறுந்தால் கிளை தன் பொதுவழியைத் தலைமையகத்தின் பக்கம் திருப்பும். அதே நேரத்தில் தலைமையகம், கிளையிலிருந்து முன்பு கேட்ட பொதுவழியை நம்பிக் கிளையின் பக்கம் திருப்பியிருந்தால், பொதிகள் இருவருக்கும் நடுவே போய்ப்போய் வந்து, ஒவ்வொரு திசைவியிலும் ஒன்று குறையும் ஆயுள் எண் பூஜ்யமானதும் மடியும். எந்த வழியை ஏற்பது, எதை மறுப்பது என்று சொல்லும் வடிகட்டியை எல்லையில் வைப்பது இதைத் தடுக்கத்தான்.

ஃபில்டர் என்ற சொல் லத்தீனில் கம்பளித் துணியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. அதில்தான் திரவங்களை வடிகட்டினார்கள். நம் 'வடிகட்டி' கச்சிதம், அதை மாற்ற வேண்டியதில்லை. கவனம் தேவைப்படுவது எழுதும் முறையில். வடிகட்ட வேண்டிய வழிகளை எழுதும் பட்டியலான ப்ரீஃபிக்ஸ் லிஸ்ட்டில் 0.0.0.0/0 என்று மட்டும் எழுதினால் அது பொதுவழி ஒன்றையே குறிக்கும். பின்னால் 'எல்இ 32' (32 பிட் நீளம் வரை எதுவும் என்று பொருள்) என்று சேர்த்தால் எல்லா வழிகளும் அதில் அடங்கிவிடும். பொதுவழியை மட்டும் மறுக்க நினைத்து இதைச் சேர்த்துவிட்டால் அந்த நெறிமுறை மொத்தமும் ஊமையாகிவிடும். பட்டியலின் முடிவில், எழுதாமலே, 'மற்ற எல்லாவற்றையும் மறு' என்ற விதி நிற்கிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கம், பலரும் தடுமாறும் இடம். ரிப் போன்ற தொலைவு பார்க்கும் நெறிமுறைகளில் ஒரு திசைவி வழியொன்றை வடிகட்டிவிட்டால், அதன் மூலம் கற்கும் அடுத்தவருக்கும் அது கிடைக்காது. ஓஎஸ்பிஎஃப்-இல் ஒரு பகுதிக்குள் இருக்கும் எல்லாத் திசைவிகளிடமும் ஒரே வரைபடம் இருந்தாக வேண்டும். அங்கே உள்வரும் வழியை வடிகட்டினால் அந்தத் திசைவியின் வழிப்பட்டியலில் மட்டும் அது ஏறாது. வரைபடத்தில் இருக்கும், பக்கத்துத் திசைவிகள் பயன்படுத்தவும் செய்யும். எனவே ஓஎஸ்பிஎஃப்-க்குள் வருவதை மறுபங்கீடு நடக்கும் எல்லையிலேயே தடுக்க வேண்டும். மறுபங்கிடும்போது வழிகளுக்கு 'டேக்' எனும் அடையாள எண் இட்டு, எதிர்முனையில் அந்த எண் உள்ளதை மறுப்பது எனக்குப் பிடித்த முறை. முகவரிகள் நாளை மாறினாலும் விதி மாறாது.

வடிகட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2008 பிப்ரவரி 24 சாட்சி. யூடியூபைத் தன் நாட்டுக்குள் தடுக்க நினைத்த பாகிஸ்தான் டெலிகாம், 208.65.153.0/24 என்ற வழியை, நிறுவனங்களுக்கு இடையே வழிகளைப் பரிமாறும் நெறிமுறையான பிஜிபி மூலம் வெளியேயும் அறிவித்துவிட்டது. அதன் மேலிணைப்பு நிறுவனமான பிசிசிடபிள்யூ வடிகட்டாமல் உலகுக்குச் சொன்னது. யூடியூப் அறிவித்திருந்தது 208.65.152.0/22. சிறப்புவழி வென்றது, உலகின் பல பகுதிகளில் சுமார் இரண்டு மணி நேரம் யூடியூப் கிடைக்கவில்லை. இடையில் யூடியூபும் /24, பிறகு /25 என்று இன்னும் சிறப்பான வழிகளை அறிவித்துப் போராடியது.

பொதுவழியே வைத்துக்கொள்ளாத திசைவிகளும் உண்டு. இணையத்தின் நடுவில் இருக்கும் பெரிய நிறுவனங்களின் திசைவிகள் உலகின் எல்லா வழிகளையும் தாங்களே தெரிந்துவைத்திருக்கும். அந்தப் பகுதிக்கு ஆங்கிலத்தில் டிஃபால்ட்-ஃப்ரீ ஸோன் என்று பெயர். 'பொதுவழியற்ற வட்டாரம்' என்று நான் எழுதுவேன். 'இயல்புநிலையற்ற வட்டாரம்' என்று எழுதிப் பாருங்கள், பொருளே குலைந்துவிடும். 2014 ஆகஸ்ட் 12 அன்று அங்கே ஐபிவி4 வழிகளின் எண்ணிக்கை சுமார் 5,12,000-ஐத் தொட்டபோது, அதற்குமேல் நினைவகம் ஒதுக்காத பழைய திசைவிகள் பல இடங்களில் திணறின. இன்று அந்தப் பட்டியல் ஒன்பது லட்சத்தைத் தாண்டிவிட்டது.

2017-இல் வந்த ஆர்எஃப்சி 8212, வேறு நிறுவனங்களோடு பேசும் பிஜிபி இணைப்பில் கொள்கை எதுவும் எழுதாவிட்டால் திசைவி எந்த வழியையும் ஏற்கவோ அறிவிக்கவோ கூடாது என்கிறது. அதன் தலைப்பிலும் டிஃபால்ட் என்ற சொல் இருக்கிறது. அது திசைவியின் நடத்தையைப் பற்றியது; அங்கே 'இயல்புநிலை' என்றே எழுத வேண்டும். 0.0.0.0/0 வரும்போது 'பொதுவழி'.