கரண்ட் வைக்கும் நாட்களில் குளிக்கலாமா?

"கரண்ட் வைக்கிற இடத்துல தண்ணியே படக்கூடாதாமே டாக்டர்?" மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு (பேச்சுவழக்கில் "கரண்ட்") எடுக்க வரும் பெண்கள் பலரும் முதல் நாளே கேட்பது இதைத்தான். வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா யாராவது சொல்லியிருப்பார். கதிர் கொடுக்கும் இடத்தைக் குறிக்க மார்பில் போட்ட மைக்கோடு அழிந்துவிடுமோ என்ற பயம் வேறு. அப்புறம் வாரக்கணக்கில் அந்தப் பக்கம் தண்ணீரே காட்டாமல், வியர்வையோடும் கசகசப்போடும் இருந்துவிடுகிறார்கள்.

தாராளமாகக் குளிக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரும் காரமில்லாத சோப்பும் போதும். கையாலேயே தடவிக் கழுவுங்கள், நார் போட்டுத் தேய்க்க வேண்டாம். துண்டால் துடைக்காமல் ஒற்றி எடுங்கள். கோடு மங்கினால் வீட்டிலேயே பேனா எடுத்து வரையாதீர்கள். டெக்னீஷியனிடம் சொன்னால் சரியான இடத்தில் போட்டுத் தருவார்.

கதிர்வீச்சால் தோலில் வரும் பாதிப்பு சூடு பட்டு வெந்த புண் அல்ல. தோலின் அடியடுக்கில் புதுச் செல்கள் பிறந்துகொண்டே இருக்கும். கதிர்வீச்சு அந்தப் பிறப்பைக் குறைக்கிறது. மேல்தோலோ வழக்கம்போல் உதிர்கிறது, ஈடுகட்டப் புதுத்தோல் வருவதில்லை. அதனால்தான் முதல் வாரம் ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று வாரத்தில் அரிப்பு, காந்தல். நம் நிறத்துக்குச் சிவப்பைவிடக் கருப்புதான் கண்ணில் படும். தொந்தரவு உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் சிகிச்சை முடிந்த ஒன்றிரண்டு வாரத்தில். "முடிஞ்சும் கூடுதே" என்று பதறுபவர்களுக்காகவே இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 50 கிரேயை (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) 25 சிகிச்சை நாளில் கொடுத்த பழைய முறையைவிட, 40 கிரேயை 15 சிகிச்சை நாளில் கொடுக்கும் இன்றைய முறையில் தோல் பாதிப்பு குறைவு.

முதலில் கெடுவது மார்பின் அடிமடிப்பும் அக்குளும்தான். ஈரமும் உரசலும் சேரும் இடங்கள் அவை. கம்பி வைத்த பிரா, இறுக்கமான ரவிக்கை இரண்டுக்கும் ஓய்வு கொடுங்கள். தொளதொளப்பான பருத்திச் சட்டை நல்லது, வீட்டுக்காரருடையதாக இருந்தாலும் சரி! கழுத்துக்குக் கீழே உள்ள காறையெலும்புப் பக்கமும் கதிர் கொடுக்கும்போது தாலிச்சரடு அங்கேயே உரசிக்கொண்டிருக்கும். சிகிச்சை நேரத்தில் கழற்றத்தான் வேண்டும். மற்ற நேரம் கழற்ற மனம் வராவிட்டால் சட்டைக்கு மேல் விட்டுக்கொள்ளுங்கள். சரடுக்கு மஞ்சள் பூசுவதை மட்டும் தள்ளிப்போடுங்கள். அக்குளில் பிளேடு, பவுடர் இரண்டும் வேண்டாம். தோல் உரியாதவரை டியோடரன்டைத் தடுக்கக் காரணமில்லை.

வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தடவலாம். சிகிச்சைக்குச் சற்று முன் கெட்டியாக அப்பக்கூடாது. தடிமனான படலம் தோலின் மேற்பரப்புக்குப் போகும் கதிரின் அளவைக் கூட்டிவிடும். கற்றாழையைப் பலர் நம்பித் தடவுகிறார்கள், ஆனால் அது இந்தப் பாதிப்பைத் தடுக்கும் என்று ஆய்வுகள் உறுதி செய்யவில்லை. மொமெட்டாசோன் போன்ற ஸ்டீராய்டு கிரீமை ஆரம்பத்திலிருந்தே தடவினால் பாதிப்பின் கடுமை குறையும். அதை மருத்துவர் எழுதிக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

தோல் உரிந்து நீர் கசிந்தாலோ, நாற்றமோ காய்ச்சலோ வந்தாலோ அன்றைக்கே வந்து காட்டுங்கள். ஊதா மருந்தை வாங்கிப் பூசிக் காயவைக்கப் பார்க்காதீர்கள். அந்தப் புண்ணுக்குத் தேவை ஒட்டிப் பிடிக்காத கட்டு. புண் ஆறட்டும் என்று நீங்களாகவே கரண்டை நாலு நாள் நிறுத்திவிடவும் வேண்டாம், இடைவெளி விழுந்தால் சிகிச்சையின் பலன் குறையும். நிறுத்துவதா தொடர்வதா என்பதைப் புண்ணைப் பார்த்து நாங்கள் சொல்கிறோம்.