ரேஸ் பழக எந்த ஆறு சிலிண்டர்?

குறைந்த செலவில் ரேஸ் ஓட்டப் பழகுகிறவர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இன்றும் பழைய பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் காரைத் தேடிப் பிடிக்கிறார்கள். ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர் நிற்கும் இன்ஜின்தான் முக்கியக் காரணம்.

நான்கு சிலிண்டர் இன்ஜினில் இரண்டு பிஸ்டன் மேலே போனால் இரண்டு கீழே வரும். கணக்கு நேராகிவிட்டதாகத் தோன்றும். ஆனால் பிஸ்டனைச் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு சாய்வதால் பிஸ்டன் மேல்பாதியில் வேகமாகவும் கீழ்ப்பாதியில் சற்று மெதுவாகவும் நகர்கிறது. இந்த வித்தியாசம் கிராங்க் ஷாஃப்டின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை இன்ஜினை உலுக்கும். ஆறு சிலிண்டரில் 1-6, 2-5, 3-4 என்று மூன்று ஜோடி, ஜோடிக்கு ஜோடி 120 டிகிரி தள்ளி ஓடுகின்றன. மூன்றின் உலுக்கலையும் கூட்டினால் பூஜ்யம். அதிர்வை அடக்கத் தனி ஷாஃப்ட் எதுவும் வேண்டியதில்லை.

இதற்கு ஒரு விலை உண்டு. கிராங்க் நீளம், நீளமானது முறுக்கிக்கொள்ளும். அதை அடக்கத்தான் முன்முனையில் முறுக்கதிர்வை விழுங்கும் டேம்பர் வைக்கிறார்கள்.

சரி, எதை வாங்குவது? என் ஓட்டு 1990-இல் வந்த பிஎம்டபிள்யூவின் எம்50 இன்ஜினின் 2.5 லிட்டர் வகைக்கு. 192 குதிரைத்திறன், சிலிண்டர்கள் அமைந்த பிளாக் வார்ப்பிரும்பு. அமெரிக்காவில் விற்ற எம்52 2.8 லிட்டரும் இரும்புதான். திறன் ஏறக்குறைய அதே, இழுவிசை மட்டும் 245-லிருந்து 280 நியூட்டன் மீட்டராகக் கூடுகிறது. ஐரோப்பிய எம்52 வேறு கதை. அலுமினிய பிளாக்கின் சிலிண்டர் சுவரிலுள்ள நிக்கசில் என்ற நிக்கல் பூச்சைக் கந்தகம் மிகுந்த பெட்ரோல் அரித்துவிட்டது. பின்னால் வந்த எம்54 3 லிட்டர் 231 குதிரைத்திறன் தரும், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அதுவும் அலுமினியம். அளவுமீறிச் சூடானால் பிளாக்கின் மேல்மூடியான ஹெட்டை இறுக்கும் போல்ட் பிடித்திருக்கும் மரையே பிய்ந்துகொண்டு வரலாம். டொயோட்டாவின் ஆறு சிலிண்டர் இன்ஜினான 2ஜேஸட் இரும்புக் கோட்டைதான், ஆனால் டர்போ வகையின் புகழ் அதன் விலையை எங்கோ கொண்டுபோய்விட்டது.

பழகுகிறவர் கியரைத் தப்பாகப் போடுவார், வெப்பமானியைப் பார்க்க மறப்பார். அதனால் 40 குதிரை கூடுதலாக இருப்பதைவிட, சூட்டைத் தாங்கும் பிளாக் மேல். இரும்பு பிளாக்கின் மேலேயும் இருப்பது அலுமினிய ஹெட். சூடானால் அது வளையும். முதல் காசு ரேடியேட்டருக்கும், உலோக விசிறி உள்ள வாட்டர் பம்புக்கும், பழைய பிளாஸ்டிக் இணைப்புகளை மாற்றுவதற்கும் போகட்டும். டர்போவெல்லாம் அப்புறம்.

அடுத்தது ஆயில். பிடிப்பான டயரில் நீண்ட வளைவில் போகும்போது இன்ஜினின் அடித்தொட்டியான சம்பிலுள்ள ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும்; பம்ப் காற்றை உறிஞ்சும்; சில நொடிகளில் பேரிங் போய்விடும். சம்பில் தடுப்புத் தகடு வைத்தால் ஆயில் ஓடி ஒதுங்காது. சம்பைக் கழற்றும்போதே ஆயில் பம்ப் சக்கரத்தின் நட்டையும் பார்த்துவிடுங்கள். அதிவேக அதிர்வில் கழன்றுகொள்வதில் பேர்போனது அது. துளையிட்டுக் கம்பி கட்டிவிடுவது வழக்கம்.