குளித்து எடுத்த பிறகுதான் குளிரும்

கமுகம்பாளையை, அதாவது பாக்கு மரத்தின் பாளையை விரித்து, பிள்ளையை அதில் கிடத்தி, தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுத்த உருக்கெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது தக்கலைப் பக்கத்தில் எங்கள் வீட்டு வழக்கம். தண்ணீர் மட்டும் பாட்டிக்குக் கொஞ்சம் அதிகச் சூடாகவே வேண்டும். "பிள்ளைக்குக் குளிரும்லா மக்களே" என்பார். குளிரும்தான். ஆனால் தண்ணீர் ஊற்றும்போது அல்ல, துடைக்கத் தாமதிக்கும்போது.

ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். தோலில் ஒட்டியிருக்கும் ஈரம் அதைப் பெரும்பாலும் அந்தத் தோலிலிருந்தே எடுத்துக்கொள்ளும். 3 கிலோ பிள்ளையின் மேல் 10 கிராம் தண்ணீர், அதாவது இரண்டு டீஸ்பூன், தங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஆவியாகும் வெப்பம் முழுவதும் உடம்பிலிருந்தே போனால், உடல் வெப்பநிலை 2 டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். உடம்பு உள்ளே வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருப்பதால் நிஜத்தில் அவ்வளவு இறங்காது. இருந்தாலும் இரண்டு டீஸ்பூனுக்கு இவ்வளவா என்று கணக்குப் போட்டபோது எனக்கே திகைப்பாக இருந்தது.

எடைக்கு எடை பார்த்தால் பிறந்த குழந்தையின் தோல் பரப்பு நம்முடையதைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம். தலை மட்டுமே மொத்தப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு. நம்மைப்போல நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் அதற்குத் தெரியாது; கழுத்திலும் தோள்பட்டை எலும்புகளுக்கு இடையிலும் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சமாளிக்கிறது.

இதில் காற்றும் சேர்ந்தால்? என் தங்கை ஆரல்வாய்மொழியில் இருக்கிறாள். ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வந்து காற்றாலைகளைச் சுற்றும் காற்று அவள் வீட்டு ஜன்னலிலும் நுழையும். ஈரத் துணியை நொடியில் காயவைப்பது போலப் பிள்ளையின் ஈரத்தையும் காயவைக்கும். அதனால் ஜன்னலைச் சாத்தி, துண்டை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டுத்தான் அவள் தண்ணீரைத் தொடுவாள். 37, 38 டிகிரி போதும். முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும். தலையை முதலில் துடைத்து, அப்புறம் கழுத்து, அக்குள், தொடை மடிப்புகள்.

பிறந்த அன்றே குளிப்பாட்ட வேண்டாம், குறைந்தது 24 மணி நேரம் பொறுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதற்கும் இந்த வெப்ப இழப்பு ஒரு காரணம். உடம்பில் வெள்ளையாக அப்பியிருக்கும் மாவு அழுக்கு அல்ல. தோல் வறளாமல் காக்கும் அதில் கிருமியை எதிர்க்கும் புரதங்களும் உண்டு.

சோப்பு? குழந்தைத் தோலின் மேலடுக்கு நம்முடையதைவிடச் சுமார் 30 சதவீதம் மெல்லியது. பிறந்தபோது நடுநிலைக்கு அருகில் இருக்கும் அதன் பிஎச், அதாவது அமில-கார அளவு (7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்), சில வாரங்களில் 5-ஐ ஒட்டி இறங்கி லேசான அமிலப் பூச்சாகிறது. சாதாரண சோப்புக்கட்டியின் அளவோ 9 முதல் 10. அமிலத்தையும் கெடுக்கும், தோலின் கொழுப்பையும் கரைத்துவிடும். கடலைமாவு அரைத்துத் தேய்ப்பது அதே மெல்லிய அடுக்கை உரசும்.

உருக்கெண்ணெய் விஷயத்தில் பாட்டி பக்கம்தான் நான். தேங்காய் எண்ணெயில் பாதிக்கு அருகில் லாரிக் அமிலம். தோலிலிருந்து நீர் வெளியேறுவதைக் குறைக்கும். ஆலிவ் எண்ணெயில் மிகுந்திருக்கும் ஓலிக் அமிலமோ தோலின் அரணைத் தளர்த்தும். ஆனால் அந்த எண்ணெயைப் பிள்ளையின் மூக்கில் சொட்டு விடுவதற்கு மட்டும் நான் சம்மதிக்கமாட்டேன். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அங்கே நிமோனியா வரலாம்.