கூட்டிக் கட்ட எதற்கெடுத்தாலும் டிவ் வேண்டாம்

சமீபத்தில் ஓர் இளம் டெவலப்பர் ரியாக்ட்டில் (வலைப்பக்கங்கள் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் கருவி) எழுதிய கோடிங்கை ரிவ்யூ செய்தேன். அட்டவணையின் ஒவ்வொரு வரிசையிலும் வரும் பெயர், தொகை என்ற இரண்டு கட்டங்களைத் தனி காம்பொனென்ட்டாக, அதாவது மறுபடி பயன்படுத்தக்கூடிய துண்டாகப் பிரித்திருந்தார். நல்ல யோசனை. ஆனால் கட்டங்களைக் குறிக்கும் இரண்டு டிடி டேக்கையும் ஒரு டிவ்வுக்குள் (தனக்கென்று பொருள் இல்லாத பொதுப் பெட்டி டேக்) போட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "பக்கத்துப் பக்கத்தில் இரண்டு டேக் இருந்தால் எரர் வருகிறது, அதனால்தான்" என்றார்.

அந்த எரர் நியாயமானதே. ரியாக்ட்டில், வலைப்பக்க மொழியான எச்டிஎம்எல் போலவே எழுதும் ஜேஎஸ்எக்ஸ் டேக் ஒவ்வொன்றும் கடைசியில் ஒரு ஃபங்ஷன் அழைப்பாக மாறுகிறது. ஒரு ரிட்டர்னில் இரண்டு மதிப்புகளை அப்படியே அடுத்தடுத்து வைக்க முடியாது. அதற்காக டிவ் போட்டதில்தான் சிக்கல். வரிசையைக் குறிக்கும் டிஆர்-க்குள் வந்த அந்த டிவ்வைப் பிரவுசர் ஒரே கட்டமாக எடுத்துக்கொண்டது. பெயரும் தொகையும் முதல் தலைப்பின் கீழேயே நெருக்கியடித்து உட்கார்ந்துவிட்டன. இதே பக்கத்தைச் சர்வரிலேயே ரெண்டர் செய்து, அதாவது எச்டிஎம்எல்லாக உருவாக்கி அனுப்பினால் கதை வேறு. எச்டிஎம்எல்லைப் படிக்கும் பிரவுசர் டிவ்வைத் தூக்கி அட்டவணைக்கு மேலே வெறுமையாக வைத்துவிட்டு, டிடி-க்களை மட்டும் வரிசையில் விடும். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் ரியாக்ட் எதிர்பார்க்கும் டேக் மரம் (எதற்குள் எது என்ற அடுக்கு) அங்கே இருக்காது. சர்வர் அனுப்பிய பக்கத்தோடு ரியாக்ட் தன்னை இணைத்துக்கொள்ளும்போது ஹைட்ரேஷன் எரர் வரும். காரணம் தெரியாமல் இதற்கு ஒரு நாள் முழுக்கச் செலவழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2017 நவம்பரில் வந்த ரியாக்ட் 16.2-இலேயே இதற்கு வழி இருக்கிறது: ஃபிராக்மென்ட். கோடிங்கில் கூட்டிக் கட்டும், பக்கத்தில் தடம் விடாது. ரியாக்ட் போன்ற இன்னொரு கருவியான ஆங்குலரில் என்ஜி-கன்டெய்னர் இதே வேலையைச் செய்கிறது. அதே வகைக் கருவியான வியூ 3 ஒரு டெம்ப்ளேட்டிலேயே பல வேர்களை, அதாவது மேல்மட்ட டேக்குகளை அனுமதிக்கிறது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஒரு பட்டியலை மேப் போட்டு வரிசையாக உருவாக்கும்போது ஒவ்வொரு ஃபிராக்மென்ட்டுக்கும் கீ (பிரித்தறியும் அடையாளம்) தர வேண்டும். <>...</> என்ற வெற்று அடைப்புக்குறிச் சுருக்க வடிவம் கீயை ஏற்காது. ஃபிராக்மென்ட் என்று முழுப் பெயரையும் எழுத வேண்டும்.

சரி, எல்லா டிவ்வையும் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. பக்கத்தின் பகுதிகளை அடுக்கும் கிரிட், ஃபிளெக்ஸ் அமைப்புக்கு டிவ் தேவைப்படும் இடங்கள் நிறைய உண்டு. நான் கேட்பது ஒரே கேள்விதான்: இப்படிக் கூட்டிக் கட்டுவது கோடிங்குக்காகவா, பயன்படுத்துகிறவருக்காகவா?

இதே ரிவ்யூவில் இன்னோர் இடம். பணம் செலுத்தும் முறையைத் தேர்ந்தெடுக்க மூன்று ரேடியோ பட்டன்கள். மேலே தலைப்பு, சுற்றி ஒரு டிவ். கண்ணால் பார்க்கிறவருக்கு மூன்றும் ஒரே கேள்வியின் பதில்கள் என்று புரியும். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடரில் டேப் விசையைத் தட்டி வருகிறவருக்கு "கார்டு, ரேடியோ பட்டன்" என்று மட்டும் கேட்கும். எதற்கான கார்டு என்று தெரியாது. இங்கே ஃபிராக்மென்ட்டும் உதவாது. படிவத்தின் பகுதிகளைச் சேர்க்கும் ஃபீல்டுசெட் டேக்கும் அதற்குள் முதலில் தலைப்புக்கான ஒரு லெஜன்டும் போட்டால், கேள்வியும் சேர்த்து வாசிக்கப்படும்.

அவர் டிவ்வை ஃபீல்டுசெட்டாக மாற்றினார். அப்புறம் ஸ்கிரீன் ரீடரை ஆன் செய்து, திரையைப் பார்க்காமல் அந்தப் படிவத்தை இருவரும் ஒருமுறை நிரப்பிப் பார்த்தோம்.