டிரான்ஸ்பரன்சி: வெளிப்படைத்தன்மையா, ஒளிவுமறைவின்மையா?

அமெரிக்காவில் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் பற்றிய சண்டை எப்போது கிளம்பினாலும், எதிர்க்கட்சி எதுவாக இருந்தாலும், டிரான்ஸ்பரன்சி என்ற சொல்லும் கூடவே கிளம்பிவிடும். நம் செய்தித்தாள்கள் அதை 'வெளிப்படைத்தன்மை' என்று எழுதிப் பழகிவிட்டன. பெரும்பாலான இடங்களில் அது சரிதான். ஆனால் 2009, 2010இல் ஒபாமா அரசின் மீது, மருத்துவக் காப்பீட்டு மசோதாவை மூடிய அறைக்குள் பேரம் பேசி நிறைவேற்றினார்கள் என்று வந்த புகாரைத் தமிழில் சொல்ல முயன்றால் அந்தச் சொல் கொஞ்சம் நழுவுகிறது.

முதலில் வேரைப் பார்ப்போம். லத்தீனில் 'டிரான்ஸ்' என்றால் ஊடாக; 'பரேரே' என்றால் தோன்றுதல். ஊடே தெரிவது என்று பொருள். கண்ணாடிக்கும் தண்ணீருக்கும் மெல்லிய துணிக்கும் உரிய சொல். அரசாங்கத்தைப் பற்றி இதைப் பரவலாகப் பேச ஆரம்பித்தது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அதற்கு முன் ஆங்கிலேயத் தத்துவவாதி பெந்தாம் போன்றவர்கள் இதே கருத்துக்குப் 'பப்ளிசிட்டி' என்ற சொல்லை ஆண்டார்கள். பாவம், அது இன்று விளம்பரமாகச் சுருங்கிவிட்டது. சோவியத் தலைவர் கோர்பசேவ் காலத்தில் இதே கருத்துக்கு ஆண்ட ரஷ்யச் சொல்லான 'கிளாஸ்நோஸ்த்' குரல் என்ற வேரிலிருந்து வந்தது. ஆங்கிலேயர் கண்ணால் பார்க்க விரும்பியதை ரஷ்யர்கள் காதால் கேட்க விரும்பினார்கள் போலும்.

சரி, ஒபாமா விஷயத்துக்கு வருவோம். 2008 தேர்தல் பிரசாரத்தில், மருத்துவச் சீர்திருத்தப் பேச்சுவார்த்தைகள் மூடிய அறைக்குள் நடக்காது, நாடாளுமன்ற நடவடிக்கைகளை ஒளிபரப்பும் சி-ஸ்பான் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்க்கலாம் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். பதவியேற்ற மறுநாள், 2009 ஜனவரி 21 அன்று, திறந்த அரசாங்கம் பற்றிய குறிப்பாணையிலும் கையெழுத்திட்டார். அந்த ஆண்டு நாடாளுமன்றக் குழுக்களின் விவாதங்கள் திறந்த அவையில்தான் நடந்தன. ஆனால் செனட்டின் இரண்டு குழுக்கள் தனித்தனியே தயாரித்த வரைவுகளை ஒன்றாக்கிய வேலை, பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீடின் அலுவலகத்துக்குள் நடந்தது. அங்கே கேமரா இல்லை. நவம்பரில் வெளிவந்த மசோதா 2,074 பக்கம். டிசம்பர் 19 அன்று 383 பக்கத்தில் ஒரு திருத்தம் வந்து சேர்ந்தது. அதற்குள் நெப்ராஸ்கா மாநிலத்தின் ஏழைகள் மருத்துவத் திட்டத்துக்கு மட்டும் தனிச் சலுகை. அந்த மாநில செனட்டர் பென் நெல்சனின் வாக்கு, எதிர்த்தரப்பின் முட்டுக்கட்டையைத் தாண்ட ஆளும் தரப்புக்குத் தேவைப்பட்ட 60ஆவது வாக்கு. ஐந்தே நாளில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் காலையில், 60க்கு 39 என மசோதா நிறைவேறியது.

சி-ஸ்பான் தலைவர் பிரையன் லாம்ப், கேமராக்களை உள்ளே விடுங்கள் என்று நாடாளுமன்றத் தலைவர்களுக்குக் கடிதமே எழுதினார். 2010 பிப்ரவரி 25 அன்று அதிபரின் விருந்தினர் இல்லமான பிளேர் மாளிகையில் இரு கட்சியினரும் உட்கார்ந்து ஏறத்தாழ ஏழு மணி நேரம் பேசியது நேரடியாக ஒளிபரப்பானது உண்மை. ஆனால் அதற்குள் பேரங்கள் முடிந்திருந்தன. மார்ச்சில் பிரதிநிதிகள் அவைத் தலைவர் நான்சி பெலோசி, சர்ச்சை மூட்டம் விலகி மசோதாவில் என்ன இருக்கிறது என்று நீங்கள் பார்க்க, அதை நிறைவேற்றியாக வேண்டும் என்ற பொருளில் பேசினார். எதிர்த்தரப்பு மூட்டத்தை விட்டுவிட்டு மீதியை மட்டும் பிடித்துக்கொண்டது. நெப்ராஸ்கா சலுகை பின்னர் நீக்கப்பட்டது.

இப்போது சொல்லுக்குத் திரும்பலாம். மசோதாவின் வாசகம் இணையத்தில் இருந்தது. பொறுமை உள்ளவர் 2,074 பக்கத்தையும் படித்திருக்கலாம். வாசகம் வெளிப்படை. எந்த வரி யாருக்காக நுழைந்தது என்பதுதான் தெரியவில்லை. நன்னூல், குறிப்பால் பொருள் தரும் சொற்களைப் பட்டியலிட்டு, 'அல்லன வெளிப்படை' என்கிறது. நேராகப் பொருள் தருவது வெளிப்படை, உய்த்துணர வேண்டியது குறிப்பு. அந்த இலக்கணப்படி பார்த்தால் 383 பக்கத் திருத்தம் முழுக்கக் குறிப்புமொழி!

ஆகவே வேண்டுமென்றே மூடிவைத்தார்கள் என்பது புகாராக இருந்தால் 'ஒளிவுமறைவின்மை இல்லை' என்று சுற்றிவளைக்காமல், 'ஒளிவுமறைவாக நிறைவேற்றினார்கள்' என்றே எழுதிவிடலாம். ஒளிவுமறைவு என்றதும் ஒளிப்பவர் ஒருவர் இருக்கிறார் என்பது தெரிந்துவிடும். வெளிப்படைத்தன்மையில் அந்த ஆள் காணாமல் போய்விடுகிறார். இங்கே 'ஒளி' வெளிச்சம் கிடையாது, மறைத்தல் என்ற வினை. இயற்பியல் பாடத்தில் டிரான்ஸ்பரன்ட் 'ஒளிபுகும்' பொருள் ஆகிறது. அங்கே அது வெளிச்சம். ஒரே எழுத்துகள் இரண்டு எதிர் வேலைகளைப் பார்ப்பதால், 'ஒளிபுகும் அரசு' என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.

2017இல் ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் இடம் மாறின. 2009இல் பொங்கிய குடியரசுக் கட்சியினர், மிட்ச் மெக்கானல் தலைமையில் செனட்டில் ஒபாமா காலத்துச் சட்டத்துக்கு மாற்றுச் சட்டத்தைக் குழு விசாரணையே இல்லாமல் எழுதி, ஜூன் 22 அன்றுதான் வெளியிட்டார்கள். ஜூலை 27 இரவு வெளிவந்த கடைசி வரைவு, சில மணி நேரத்தில் வாக்கெடுப்புக்கு வந்து 49க்கு 51 எனத் தோற்றது. இதற்கு 'வெளிப்படைத்தன்மைக் குறைவு' என்று எழுதுவது மிகவும் மரியாதையான மொழிபெயர்ப்பு.

கணினித் துறையில் இதே டிரான்ஸ்பரன்ட் தலைகீழாகப் பயன்படுகிறது: பயனர் கண்ணில் படாமல் பின்னால் நடக்கும் வேலையைத்தான் அப்படிச் சொல்வார்கள். அதற்கு வெளிப்படை, ஒளிவுமறைவின்மை இரண்டும் பொருந்தாது. 'பயனர் அறியாமல்' என்று எழுதினால் போதும். கொள்கை, விதி, தகவல் வெளியீடு என்றால் வெளிப்படைத்தன்மை. பேரம், பேச்சுவார்த்தை, ஒப்பந்தப்புள்ளி என்றால் ஒளிவுமறைவின்மை. தலைப்பில் இடம் போதாவிட்டால் 'தன்மை'யை வெட்டிவிட்டு 'வெளிப்படை' என்று மட்டும் போடலாம்.