‘இதெல்லாம் ஒரு கதையா, சார்?’

பதிப்பகங்களுக்குக் கையெழுத்துப் பிரதிகளைச் செப்பனிட்டுக் கொடுப்பது என் தொழில். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அடுத்தவர் கதைகளில் ஒற்றுப்பிழை திருத்திச் சாப்பிடுகிறேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்தில் பஸ் ஏறி மன்னார்குடிக்குப் போய், ஒரு பள்ளிக்கூட அறையில் கதை எழுத ஆசைப்படுகிறவர்களோடு உட்காருவதும் உண்டு. கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பால் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவர் என்று பலவகை ஆட்கள் வருவார்கள். முதல் நாளில் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: “எழுத வேண்டும் போலிருக்கிறது சார், கருதான் கிடைக்கவில்லை.”

ஓர் ஐப்பசி ஞாயிறு. குறுவை அறுவடையும் மழையும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்த நேரம். மாணவி ஒருத்தி அரை மணி நேரம் தாமதமாக வந்தாள். அப்பா ஐந்து நாளாக அரசு நெல் கொள்முதல் நிலையத்திலேயே கிடக்கிறார், சாப்பாடு கொடுத்துவிட்டு வர நேரமாகிவிட்டது என்றாள். பிறகு கதையை நீட்டினாள். கொடைக்கானல், பனிமூட்டம், கிடார் வாசிக்கும் ஓர் இளைஞன், கண்ணாடி ஜன்னலில் மழைத்துளி. பிழை அதிகம் இல்லை. உயிரும் இல்லை.

“கொடைக்கானலுக்குப் போயிருக்கிறாயா?”

“இல்லை சார்.”

“சரி, காலையில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனாயே, அங்கே என்ன பார்த்தாய்?”

தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். நெல் அம்பாரமாகக் கொட்டிக் கிடக்கிறது. மேலே தார்ப்பாய். யாராவது அள்ளினால் தெரியட்டும் என்று குவியலின் மேல் அப்பா சாம்பலால் கோடு கிழித்து வைத்திருக்கிறார். நிலையத்தில் ஈரப்பதமானி 19 காட்டுகிறது, 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். வெயில் வந்தால் தார்ப்பாயை விலக்கிக் காயவைப்பதும், மேகம் வந்தால் மூடுவதுமாக ஐந்து நாள். அவள் போனபோது அப்பா ஒரு நெல்லை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடித்தார். ‘டக்’கென்று சத்தம் கேட்டது. “காய்ந்துதானே இருக்கிறது?” என்று அவளிடம் கேட்டார். அவளிடம் போய்க் கேட்டார், பாருங்கள். முப்பது வருடமாகப் பல்லால் நெல்லின் ஈரம் பார்த்த மனிதர், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகளிடம் சாட்சி கேட்கிறார்.

சொல்லி முடித்ததும் அவளே சிரித்துக்கொண்டு, “இதெல்லாம் ஒரு கதையா சார்? எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் நடப்பதுதானே” என்றாள்.

இந்த வாக்கியத்தைப் பற்றி எச்சரிப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எழுத வருகிறவர்களுக்குக் கருப் பஞ்சம் என்பதை நான் நம்புவதில்லை. கரு நாள்தோறும் வாசல்வரை வருகிறது. உள்ளே இருந்து ஒரு குரல், ‘இதெல்லாம் ஒரு கதையா?’ என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அனுப்பியது நம் நினைவிலேயே நிற்பதில்லை. அதனால்தான் எதுவும் வரவில்லை என்று தோன்றுகிறது. அந்தக் குரலுக்கு வலு கொடுப்பது பெரும்பாலும் வெட்கம். நெல்லும் சாணியும் கடனும் எழுத்துக்கு அருகதையற்றவை என்று யாரும் நமக்கு வாய்விட்டுச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனாலும் கற்றுக்கொண்டுவிட்டோம்.

வாசலில் திருப்பி அனுப்பிய இடத்தை நிரப்ப என்ன வருகிறது என்பது என் மேசைக்கு வரும் பிரதிகளில் தெரியும். டெல்டாவைப் பற்றிய கதை என்றால் பச்சைக் கம்பளம் விரித்த வயல், கோயில் மணியோசை, பித்தளை டபராவில் டிகிரி காபி, வெற்றிலைச் செல்லத்தோடு ஒரு பாட்டி. சென்னையில் பிறந்து வளர்ந்தவர் எழுதினால் பொறுத்துக்கொள்ளலாம். வலங்கைமானில் வயல் வைத்திருப்பவரும் அப்படியே எழுதுகிறார். நாற்றங்காலின் பச்சை வேறு. பறித்து நட்டதும் வெளிறிச் சாய்ந்து கிடப்பது வேறு. வேர் ஊன்றி, ‘பயிர் பச்சை பிடித்துவிட்டது’ என்று வரப்பில் நின்று மூச்சு விடுவார்களே, அந்தப் பச்சை வேறு. இது தெரிந்த மனிதர் பேனா எடுத்தவுடன் கம்பளக் கடைக்குப் போய்விடுகிறார்.

சமீபத்தில் ஒருவர் கைபேசியில் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கிய பத்துக் கருக்களைக் காட்டினார். மூன்றில் ஆலமரம், நான்கில் பழைய கடிதம். பத்தும் யாருடையதாகவும் இருக்கலாம். அதுதான் அவற்றின் கோளாறு.

சரி, எதைப் பிடித்துக்கொள்வது? ‘எதைப் பற்றி எழுதலாம்’ என்று கேட்டால் தலைப்புகள்தான் வரும்: விவசாயம், வறுமை, தாய்ப்பாசம். தலைப்பை வைத்துக் கட்டுரைப் போட்டிக்குப் போகலாம், கதைக்குப் போக முடியாது. ‘எது எனக்குப் பொருந்தாமல் உறுத்துகிறது’ என்று கேட்டுப் பாருங்கள். அந்த மாணவியின் காலைப்பொழுதில் பல் ஒன்று சொல்கிறது, கருவி ஒன்று சொல்கிறது. இரண்டும் ஒரே நெல்லைப் பற்றிப் பேசுகின்றன. நடுவில் ஒரு மனிதர். ஈரப்பத வரம்பைத் தளர்த்தக் கோருவதும், மத்தியக் குழு வந்து நெல்லைப் பார்ப்பதும் செய்தித்தாளில் வரும். அந்த மனிதர் இரவில் தார்ப்பாய்க்கு அடியில் கையை விட்டு இன்னொரு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்ப்பாரா, கடித்தால் எதற்காக என்பது வராது. நீங்கள் எழுதினால்தான் உண்டு.

இந்த உறுத்தல்களைப் பிடிக்கச் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு போதும். அதில் கருத்துகளை எழுத வேண்டாம். ‘வாழ்க்கை ஒரு நதி’ என்று எழுதி வைத்த பக்கத்தால் எனக்கு ஒருநாளும் பயன் இருந்ததில்லை. காதில் விழுந்த வாக்கியம், கண்ணில் பட்ட கைவேலை, தொகை, விலை, நேரம் ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். என் நோட்டில் ஒரு ஜூன் மாதப் பக்கம் இருக்கிறது. நீர் இருப்புப் போதுமான ஆண்டுகளில் மேட்டூர் அணையைக் குறுவைக்காக ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, கிளை ஆறுகளில் இறங்கி, வாய்க்கால் வாய்க்காலாகக் கடைமடைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். திருத்துறைப்பூண்டி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் சொன்னார்: “மேட்டூரில் திறந்தது டிவிக்குத் தெரியும், எங்கள் வாய்க்காலுக்குத் தெரியாது.” அவ்வளவுதான் அந்தப் பக்கம். அதற்குள் ஒரு நாவலே மடங்கிக் கிடக்கிறது. நான் எழுதவில்லை. யாராவது எழுதினால் எனக்கு மகிழ்ச்சி.

குறித்ததை உடனே கதையாக்க வேண்டும் என்பதில்லை. ஆடுதுறைக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டை என்ற ஊரில் நாதஸ்வரம் செய்கிறார்கள். 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில். அதற்கு வேண்டியது ஆச்சா மரம். புதிதாக வெட்டிய மரம் உதவாது. இடித்த பழைய வீடுகளின் உத்தரத்தையும் தூணையும் தேடி வாங்குகிறார்கள். பல பத்தாண்டுகள் ஒரு கூரையைத் தாங்கி, ஈரமெல்லாம் வற்றிய மரத்தைத்தான் கடைந்து, துளையிட்டு ஊதுகிறார்கள்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. அடுத்த ஆறு மாதத்தில் என்னிடம் வந்த கதைகளில் பாதி கஜாவைப் பற்றியவை. எல்லாவற்றிலும் தென்னை சாய்ந்தது, கூரை பறந்தது, அரசு வரவில்லை. குற்றம் சொல்லவில்லை, காயம் பச்சையாக இருந்தது. ஆனால் அவை ஈர மரம். மூன்று வருடம் கழித்துப் பேராவூரணிப் பக்கமிருந்து ஒரு பிரதி வந்தது. அதில் புயலே இல்லை. கொல்லையில் தேங்காய் உரிக்கும் பாரை நட்டபடி நிற்கிறது. உரிக்கக் காய் இல்லை. துருவேறிய அதன் முனையில் அந்த வீட்டுப் பெண் ஈரத் துணியை உலர்த்துகிறாள். ஒருநாள் கணவன் அந்தத் துணியை எடுத்துக் கீழே போடுகிறான், அவள் மறுபடி எடுத்து அங்கேயே போடுகிறாள். நான் அதில் இரண்டு காற்புள்ளி திருத்தியதோடு சரி.

வெளியே போக முடியாதவர்களுக்கு வீட்டிலேயே சுரங்கங்கள் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது மொய் நோட்டு. பெயர், ஊர், தொகை. மூன்றே கட்டம். ஐந்து வருட இடைவெளியில் நடந்த இரண்டு கல்யாணங்களின் நோட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யார் தொகை ஏறியது, யார் குறைத்தார், யார் பெயரே காணோம்? காணாமல்போன பெயரை அம்மாவிடம் கேட்டால் அரை மணி நேரம் பேசுவார், அல்லது பேச்சை மாற்றுவார். மாற்றினால் விடாதீர்கள்.

தஞ்சைப் பெரிய கோயில் சுவரிலும் அப்படி ஒரு நோட்டு உண்டு, கல்லில். சோழ நாட்டுக் கோயில்களிலிருந்து ராஜராஜன் கொண்டுவந்து குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்கள், அதாவது கோயிலில் ஆடும் பெண்கள், நானூறு பேரின் பட்டியல் அது. ஒவ்வொருத்தியின் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தாள், எந்தத் தெருவில், எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்), எத்தனையாவது வீடு என்று கதவு எண் வரை வெட்டியிருக்கிறார்கள். ஒருத்திக்கு ஒரு பங்கு, ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் (பழைய அளவை) நெல். பெரிய கோயிலுக்குப் போகிற எல்லோரும் அண்ணாந்து விமானத்தைப் பார்க்கிறோம். அந்தப் பட்டியலில் திருவாரூரிலிருந்து வந்த ஒருத்தி, ஊரை விட்டு வரச் சொன்ன அன்று யாரிடம் சொல்லிக்கொண்டு புறப்பட்டாள்? கல்லில் அது இல்லை. இல்லாத இடம்தான் எழுதுகிறவனின் இடம்.

ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். இது என் சொந்தச் செலவில் கற்றது. இளம் வயதில் என் அத்தையின் வாழ்க்கையை அப்படியே எடுத்து ஒரு சிறுகதை எழுதினேன். பெயரை மட்டும் மாற்றினேன். ஊர், தொழில், அவர் பேசும் விதம், கழுத்தில் போட்டிருந்த அந்த ஒற்றை வடச் சங்கிலி, எதையும் மாற்றவில்லை. நல்ல கதை என்று சொன்னார்கள். அச்சில் வந்த இதழை யாரோ அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த தீபாவளிக்குப் போனபோது இலை போட்டார், பரிமாறினார், ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது, “சங்கிலி அடகில் இருந்தது உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது. கதைக்காக நானே இட்டுக்கட்டியது அது. பிறகு இரண்டு வருடம் அந்த வீட்டுக்கு நான் போகவில்லை.

அதனால் வகுப்பில் இதை மட்டும் கறாராகச் சொல்கிறேன். உயிரோடு இருக்கும் ஒருவரிடமிருந்து உறுத்தலை எடுத்துக்கொள்ளுங்கள், அடையாளத்தை எடுக்காதீர்கள். ஊரை மாற்றுங்கள், ஆணைப் பெண்ணாக்குங்கள், சங்கிலியை ஒரு தையல் இயந்திரமாக்குங்கள். பெரும்பாலும் மாற்றிய பிறகுதான் அது கதையாகவே ஆகிறது.

அந்த மாணவி அடுத்த மாதம் வந்தாள். நெல் ஒருவழியாக விலைபோயிருந்தது. கையில் மூன்று பக்கம். முதல் வரியிலேயே ஒரு கிழவர் நெல்லைக் கடிக்கிறார். அப்பாவைத் தாத்தாவாக்கி, ஊரை நீடாமங்கலத்துக்கு நகர்த்தியிருந்தாள். பழக்கதோஷத்தில் பேனாவை எடுத்து, ‘டக்கென்று’ என்பதை அடித்துவிட்டு ‘நறுக்கென்று’ என்று திருத்தினேன். காதுக்கு அது நன்றாக இருந்தது.

தாளைத் திருப்பி வாங்கிப் பார்த்தவள், கொஞ்சம் சங்கடத்தோடு, “நறுக்கென்றால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம் சார்” என்றாள்.

மாலையில் பஸ் நிறுத்தத்துக்கு நடந்து போகும் வழியில், சாலையின் ஒரு பாதியை அடைத்து யாரோ நெல் காயவைத்திருந்தார்கள். காவலுக்கு இருந்தவர் ஒரு மாதிரியாகப் பார்க்க, குனிந்து ஒன்றை எடுத்துக் கடைவாயில் வைத்தேன். ‘டக்’ என்றது.