காய்ச்சல் விட்டதும் ஏன் வார்டில் படுக்க வைக்கிறார்கள்?

ஐந்தாம் நாள் காலை ஒன்பது மணி வாக்கில் மாமாவுக்கு டிங்கிக் காய்ச்சல் விட்டது. நெற்றி வேர்த்தது, உடம்பு லேசானது, எழுந்து உட்கார்ந்து முதல் வேலையாக நாசி கண்டார் சோறு கேட்டார். பினாங்கு ஆயர் ஈத்தாம் வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்தது. அன்றைய ரத்தப் பரிசோதனைக்கு அரசாங்கக் கிளினிக் போனோம். ரிப்போர்ட்டைப் பார்த்தவர்கள், உடனே ஆஸ்பத்திரியில் சேருங்கள் என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள்.

"அனலா கொதிச்சப்ப வீட்டுக்குப் போங்கன்னாங்க. நல்லா ஆனதும் வந்து படுங்கறாங்க. இது என்ன கூத்து?" என்றார் அத்தை.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நமக்குப் பழக்கமான காய்ச்சல்கள் ஏறும்போது பயமுறுத்தும், இறங்கினால் விட்டுவிடும். டிங்கி அப்படி இல்லை. காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் அதன் ஆபத்தான கட்டம் தொடங்குகிறது. 24 முதல் 48 மணி நேரம் வரை இருக்கும். அதனால் வார்டு டாக்டரின் முதல் கேள்வி "எத்தனை டிகிரி?" அல்ல, "இன்றைக்கு எத்தனையாம் நாள்?" காய்ச்சல் எத்தனை மணிக்கு விட்டது என்பதைக்கூடக் குறித்துக்கொள்கிறார்கள். அவர்கள் பார்க்கும் கடிகாரம் அங்கிருந்துதான் ஓட ஆரம்பிக்கிறது.

இந்த நோய்க்குப் பினாங்கு புதிதல்ல. டிங்கியின் கடுமையான ரத்தக்கசிவு வகை மலாயாவில் முதலில் பதிவானது 1962-இல், இந்தத் தீவில்தான். 2019-இல் மலேசியா முழுவதும் 130,101 பேருக்கு டிங்கி வந்தது. 182 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தப்பித்துவிடும் நோய் இது. தப்பாத அந்தச் சிலர் யார் என்பது முதல் நாளே யார் நெற்றியிலும் எழுதியிருப்பதில்லை, அதுதான் தொல்லை.

அந்த இரண்டு நாளில் உள்ளே நடப்பது ஓர் ஒழுகல். ரத்தக் குழாயின் உட்சுவரில் மெல்லிய சர்க்கரைப் பூச்சு ஒன்று பாசிபோலப் படர்ந்திருக்கிறது. குழாய்க்குள் இருக்கும் நீரையும் புரதத்தையும் வெளியே விடாமல் காப்பதில் அதற்குப் பங்கு உண்டு. டிங்கி கிருமி வெளியிடும் என்.எஸ்.1 என்ற புரதமும், கிருமியை எதிர்த்து நம் உடம்பே கொட்டும் வேதிப்பொருள்களும் சேர்ந்து அந்தப் பூச்சைக் குலைக்கின்றன. ரத்தத்தின் நீர்ப்பகுதி கசிந்து நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் தேங்குகிறது. வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாமலே, ஓடவேண்டிய ரத்தத்தின் அளவு குறைந்துபோகிறது.

சரி, கண்ணுக்குத் தெரியாத ஒழுகலை எப்படிப் பிடிப்பது? பாயசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் வற்ற வற்ற, கரண்டியில் வரும் ஜவ்வரிசி கூடும். ஜவ்வரிசி பெருகவில்லை, பால்தான் குறைந்திருக்கிறது. ரத்தத்தில் ஜவ்வரிசி என்பது சிவப்பணுக்கள்; அவை அந்த ஒழுகலில் வெளியேறுவதில்லை. மொத்த ரத்தத்தில் அவற்றின் பங்கு நூற்றுக்கு எத்தனை என்று சொல்லும் எண்தான் எச்.சி.டி. இரண்டாம் நாள் கிளினிக்கில் மாமாவுக்கு 40 இருந்தது. வார்டுக்கு வந்தபோது 45. வெறும் 45-ஐப் பார்த்தால் ஆரோக்கியமான ஆணின் எண். நாற்பதிலிருந்து ஏறி வந்த 45 வேறு விஷயம். ஐந்தில் ஒரு பங்கு ஏறினால், அதாவது மாமாவுக்கு 48 ஆனால், கசிவு உறுதி என்று எடுத்துக்கொள்வார்கள்.

நம் ஆட்கள் யாரும் எச்.சி.டி. கேட்பதில்லை. பார்க்க வருகிறவர் வாசலிலேயே "பிளேட்லெட் எவ்வளவு?" என்பார், ரத்தம் உறைய உதவும் அணுக்களின் எண்ணிக்கை அது. பப்பாளி இலைச் சாறு, நண்டு சூப் எல்லாம் அந்த ஒரு எண்ணுக்குத்தான். பிளேட்லெட் விழுவதும் கவனிக்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் டிங்கியில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் இந்த ஒழுகல். ரத்தம் வடியாத நோயாளிக்கு, எண் குறைந்தது என்பதற்காக மட்டும் பிளேட்லெட் ஏற்றுவதும் இல்லை. (அப்புறம், டிங்கி சந்தேகம் இருந்தால் பாராசிட்டமால் மட்டும். ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் பக்கம் போகாதீர்கள், ரத்தக்கசிவைக் கூட்டும்.)

அன்று மாலை வந்த எம்.ஓ. (மெடிக்கல் ஆபீசர், வார்டு டாக்டர்) மாமாவின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். ஆறுதலாகப் பிடித்திருக்கிறார் என்று அத்தை நினைத்தார். அந்த ஒரு பிடியில் ஐந்து சோதனை இருக்கிறது. மலேசிய டாக்டர்களுக்கு டிங்கி வழிகாட்டியிலேயே சொல்லிக்கொடுப்பது: உள்ளங்கையின் நிறம், நகத்தை அழுத்திவிட்டால் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்புகிறதா, கை சூடா சில்லிப்பா, நாடி நிறைந்து அடிக்கிறதா, எவ்வளவு வேகம். ரத்தம் குறையும்போது உடம்பு மூளையையும் இதயத்தையும் காப்பாற்றக் கைகால்களின் குழாய்களை இறுக்கும். ஆகவே தகவல் முதலில் விரல் நுனிக்கு வந்துவிடும்.

பிரஷர் மிஷின் அதைத் தாமதமாகத்தான் சொல்லும். 120/80 இருந்தவருக்கு 110/90 என்று காட்டினால் நாம் "நார்மல்" என்போம். டாக்டர் இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்ப்பார். நாற்பது இருந்த இடத்தில் இருபது என்றால் குழாய்கள் இறுகிவிட்டன, நிலைமை சரியில்லை. அந்த நேரத்திலும் நோயாளி உட்கார்ந்து ஃபுட்பால் பேசிக்கொண்டிருக்கலாம்.

மிஷினே எண் தருகிறதே, டாக்டர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். எச்.சி.டி. 48-லிருந்து 40-க்கு இறங்குகிறது. நல்லதா? கை சூடாக இருந்து, மூத்திரம் தாராளமாகப் போய், பசி எடுத்தால், வெளியே தேங்கிய நீர் குழாய்க்குள் திரும்புகிறது என்று பொருள், குணமாகிறார். கை சில்லிட்டு நாடி ஓடினால், உள்ளே எங்கோ ரத்தம் வடிகிறது. மூன்றாவது, ஏற்றிய டிரிப் ரத்தத்தை நீர்க்கச் செய்திருக்கலாம். எண் ஒன்று, கதை மூன்று.

டிரிப்பும் கத்திமேல் நடப்பதுதான். குறைந்தால் ரத்த ஓட்டம் படுத்துவிடும். கூடினால், கசிந்த நீர் திரும்பி வரும்போது அதுவும் சேர்ந்து நுரையீரலில் ஏறி மூச்சுத் திணறும். அதனால்தான் மணிக்கணக்குப் பார்த்துக் கூட்டிக் குறைக்கிறார்கள், மீண்டும் மீண்டும் ரத்தம் எடுக்கிறார்கள்.

இந்தக் காவலை ஒரே ஆள் 48 மணி நேரம் செய்ய முடியாது. வார்டில் படுத்தவர்களை மட்டுமே பார்க்கும் டாக்டருக்கு அமெரிக்காவில் 1996-இல் ராபர்ட் வாக்டர், லீ கோல்ட்மன் இருவரும் 'ஹாஸ்பிட்டலிஸ்ட்' என்று பெயர் வைத்தார்கள். அதுவரை அங்கே குடும்ப டாக்டரே தன் கிளினிக் வேலைக்கு நடுவில் ஆஸ்பத்திரிக்கும் வந்து பார்ப்பது வழக்கம். நம் அரசாங்க மெடிக்கல் வார்டில் அந்த வேலையை ஹவுஸ்மன் (பயிற்சி டாக்டர்), எம்.ஓ., ஸ்பெஷலிஸ்ட் என்று அடுக்காகப் பகிர்ந்துகொள்கிறார்கள். டிரிப் ஏற்றும் பிரான்யூலா ஊசி குத்துவது, ரத்தம் எடுப்பது, லேபுக்குப் போன் போடுவது எல்லாம் ஹவுஸ்மன் தலையில். ஒரு காலத்தில் 30 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து நின்றார்கள். 2011-இல் ஷிஃப்ட் முறை வந்தது.

ஷிஃப்ட்டால் களைப்பு குறைந்தது, கைமாற்றம் கூடியது. வார்டில் அதற்கு 'பாஸ்ஓவர்' என்று பெயர். "பெட் 14, டிங்கி, ஓகே" என்று சொல்லிவிட்டும் போகலாம். மாமாவின் கட்டில் பக்கத்தில் அன்றிரவு நான் கேட்டது வேறு மாதிரி இருந்தது: "பெட் 14, டிங்கி ஐந்தாம் நாள், காலை ஒன்பதுக்குக் காய்ச்சல் விட்டது, எச்.சி.டி. 40, இப்போ 45, மூத்திரம் குறைவு, பன்னிரண்டு மணிக்கு ரத்தம், 48 வந்தா எம்.ஓ.வைக் கூப்பிடு." வந்த பெண் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதிக்கொண்டார். இப்படி ஒழுங்காகக் கைமாற்றப் பழக்கியதும் ஒன்பது வட அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்தன என்று 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. புது மருந்து இல்லை, புது மிஷின் இல்லை.

பன்னிரண்டு மணி ரத்தத்தில் 48 வந்தது. எம்.ஓ. வந்து மறுபடி கையைப் பிடித்தார், டிரிப்பைக் கூட்டினார். விடிகாலை மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். காலையில் 44. அடுத்த நாள் டிரிப்பைக் கழற்றினார்கள். அதற்கும் அத்தை கோபப்பட்டார்.

எட்டாம் நாள் மாமாவின் கால்களில் சிவப்புக்கு நடுவே வெள்ளைத் திட்டுகள், தாங்க முடியாத அரிப்பு. டிங்கி விடைபெறும்போது சிலருக்கு வரும் தடிப்பு அது. டிஸ்சார்ஜ் தாளில் பிளேட்லெட் 62,000.

"இன்னும் லட்சம் ஆகலையே டாக்டர்," என்றார் அத்தை.

"ஏறிக்கிட்டு இருக்கு ஆண்ட்டி. எச்.சி.டி. 40."

காரில் ஏறியதும் மாமா நாசி கண்டார் என்றார். அத்தை கஞ்சி என்றார்.